ஊராட்சி உணவுச்சாலைக்கு உகந்த கட்டடம்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கான பயிற்சி முகாமில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பேருந்து நிறுத்தத்தின் அருகில் ஊராட்சிக்குச் சொந்தமான இடத்தில் உணவுச்சாலை ஒன்று கட்டி, அதனை மகளிர் குழுவினரிடம் நடத்தக் கொடுக்க வேண்டும் என்னும் எண்ணம் உங்களில் பலருக்கு இருக்கிறது. நல்ல எண்ணந்தான். சந்தைக்கு வருகிற உழவருக்கும், பள்ளிப் பிள்ளைகளுக்கும், வெளியூர் செல்வோருக்கும் சுத்தமான உணவு கிடைக்கும். பத்துப் பன்னிரண்டு குடும்பங்களுக்குப் பிழைப்பும் உண்டாகும். ஆனால் உணவைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அதனை என்னைவிட இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்கள் நன்கு அறிவார்கள். கட்டடத்தைப் பற்றி மட்டுமே சில சொற்கள் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில், சமையல் தவறினால் மறுநாள் திருத்திக்கொள்ளலாம். சுவரையும் கூரையையும் தவறாக எழுப்பிவிட்டால் நாற்பது ஐம்பது ஆண்டுகள் அத்தவற்றுடனேயே வாழ வேண்டியிருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஊருக்கு அழைத்திருந்தார்கள். ஊரின் பெயர் வேண்டாம். அங்கே இதேபோன்று ஓர் உணவுச்சாலை கட்டியிருந்தார்கள். சாலையை நோக்கிய முகப்பு முழுவதும் கண்ணாடி. முகப்போ மேற்குப் பார்த்தது. மேலே தட்டையான கான்கிரீட் தளம்; உயரம் பத்தடிக்கும் குறைவு. சமையலறை தென்மேற்கு மூலையில் ஒரே ஒரு சிறு சாளரத்துடன் அடைத்து வைத்தாற்போல் இருந்தது. திறப்பு விழாவன்று எல்லோரும் புகழ்ந்தார்களாம். நான் சென்றபோது சித்திரை மாதம். பிற்பகல் மூன்று மணிக்கு உள்ளே ஒருவரும் இல்லை. சமையற்கட்டில் அடுப்பும் இல்லை. எங்கே என்று தேடினால், கட்டடத்தின் பின்புறம் வேப்பமரத்தடியில் கீற்றுப் பந்தல் போட்டு, அங்கே அடுப்பை வைத்துச் சமைத்துக் கொண்டிருந்தார்கள் அந்தத் தாய்மார்கள். வாடிக்கையாளர்களும் மரத்தடி விசுப்பலகையிலேயே அமர்ந்து உண்டார்கள். பல லட்சம் செலவில் கட்டிய கூடத்தில் பந்தல்காரரின் நாற்காலிகள் அடுக்கப்பட்டிருந்தன. "உள்ளே நின்றால் தலை சுற்றுதுங்க ஐயா" என்றார் அவர்களுள் மூத்தவர். மின்விசிறிக் கட்டணமும் அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. கட்டடத்துக்கு வாங்கிய வாடகையை மட்டும் அவர்கள் மாதந்தோறும் செலுத்தி வந்தார்கள்.

அந்தக் கட்டடத்தில் எவரும் பணத்தைத் திருடவில்லை, கலவையிலும் குறையில்லை. எனினும் அது வீணாயிற்று. வெயிலும் காற்றும் எப்பக்கம் வருகின்றன என்று ஒருவரும் கேளாமல் வரைபடம் போட்டதே காரணம்.

இனி நன்றாக அமைந்த ஒரு கட்டடத்தைப் பார்ப்போம். திருவனந்தபுரத்திற்குப் போயிருப்பவர்கள் தம்பானூரில் பேருந்து நிலையத்தின் அருகே சிவப்பு நிறத்தில் சுருண்டு சுருண்டு மேலேறும் செங்கற் கட்டடம் ஒன்றைக் கண்டிருப்பீர்கள். அதுவே இந்தியன் காபி ஹவுஸ். இந்த நிறுவனத்தின் வரலாறே உங்களுக்குப் பயன்படக் கூடியது. முன்னாளில் காப்பி வாரியம் தான் நடத்திய காப்பி நிலையங்களை மூடத் தலைப்பட்டபோது, வேலையிழந்த தொழிலாளர்கள் ஏ. கே. கோபாலன் அவர்களின் தூண்டுதலால் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து, 1957 முதல் தாங்களே காப்பி நிலையங்களை நடத்தலானார்கள். கேரளத்தில் முதல் நிலையம் 1958-இல் திருச்சூரில் தொடங்கியது. பரிமாறும் தொழிலாளியே முதலாளியாகவும் இருக்கும் ஏற்பாடு அது.

தம்பானூர்க் கட்டடத்தை வகுத்தவர் லாரி பேக்கர். 1917-இல் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் பிறந்தவர். 1945-இல் தொழுநோயாளர்க்கான இல்லங்களைக் கட்டும் பணிக்காக இந்தியா வந்து, இமயமலைச் சாரலில் பித்தோராகட் என்னும் இடத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்து, பின்னர்க் கேரளத்தில் குடியேறி, இந்தியக் குடிமகனாகவே ஆகி, 2007-இல் மறைந்தார். இங்கு வருமுன்னரே பம்பாயில் அவர் காந்தியடிகளைச் சந்தித்திருக்கிறார். ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் யாவும் அவ்வீட்டைச் சுற்றி ஐந்து மைலுக்குள்ளேயே கிடைப்பனவாக இருத்தல் வேண்டும் என்று அடிகள் கூறிய கருத்தைத் தம் வாழ்நாள் முழுவதும் கடைப்பிடித்ததாக அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அரசு அவருக்கு 1990-இல் பத்மஸ்ரீ விருது அளித்தது.

அந்தக் காப்பி நிலையத்தில் மாடிப்படியும் இல்லை, மாடியும் இல்லை என்றே சொல்ல வேண்டும். நடுவில் வட்டமான ஓர் உள்ளீடு. சேவை வசதிகள் அதனுள் அடங்கும். அதனைச் சுற்றிச் சரிவான ஒரே பாதை மேலே ஏறிச் செல்கிறது. பாதையின் வெளியோரத்தில், சுவரை ஒட்டி, மேசைகளும் இருக்கைகளும் கட்டுமானமாகவே கட்டப்பட்டிருக்கின்றன. நாற்காலி உடைந்தது, மேசைக் கால் ஆடியது என்னும் செலவே இல்லை. வெளிச்சுவரில் செங்கற்களை இடைவிட்டு அடுக்கிய துளைகள். அவற்றின் வழியே காற்றும் வெளிச்சமும் வருகின்றன. வெயில் மட்டும் துண்டு துண்டாக உடைந்து, கண்ணைக் கூசாமல் உள்ளே விழுகிறது. பேருந்து நிலையத்தின் இரைச்சலிலிருந்து உள்ளே நுழைந்தவனுக்கு இதுவே ஒரு சுகம்.

வட்டமாகக் கட்டியதில் வேறொரு கணக்கும் உண்டு. 100 அடி நீளமுள்ள சுவரைச் சதுரமாக வளைத்தால் உள்ளே கிடைக்கும் இடம் 625 சதுர அடி. அதே 100 அடிச் சுவரை வட்டமாக வளைத்தால் ஏறத்தாழ 796 சதுர அடி. சுவர்ச் செலவு ஒன்றே; இடம் நான்கில் ஒரு பங்குக்குமேல் கூடுகிறது. மேலும், வளைந்த சுவர் நேர்ச் சுவரைவிடத் தானாக நிற்கும் வலிமை உடையது. நம் முன்னோர் குதிரை உருண்டையாகச் செய்தது அழகுக்காக அன்று. நெல்லின் அழுத்தத்தைத் தாங்குவதற்காக. குதிர் பார்த்த உழவருக்கு இதனை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தச் சரிவுப் பாதையில் தட்டேந்திக்கொண்டு நாள் முழுவதும் ஏறி இறங்குவது பரிமாறுவோர் கால்களுக்கு எளிதன்று. முழங்கால் வலியுள்ள முதியவர் மேல் வளைவுகளுக்குச் செல்லமாட்டார். நகரத்தின் நடுவே இடம் குறுகியதால் மேல்நோக்கிச் சுழல வேண்டியிருந்தது. உங்களுக்கு அவ்வளவு இட நெருக்கடி இல்லை. ஆதலால் சுருளை அப்படியே எடுத்து வந்து உங்கள் ஊரில் நட்டுவிட வேண்டாம். அதிலுள்ள கருத்துகளை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது சுவர். பேக்கர் தம் கட்டடங்களில் பெரிதும் கையாண்டது, எலிப்பொறிக் கட்டு என்று கொத்தனார்கள் வழங்கும் முறை. வழக்கமாகச் செங்கல்லைப் படுக்கையாக வைத்துக் கட்டுகிறோம். இம்முறையில் விளிம்பின்மேல் நிறுத்தி வைக்க வேண்டும். 9 அங்குல நீளம், 4½ அங்குல அகலம், 3 அங்குல உயரம் உள்ள கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிப்பக்கம் ஒரு கல், உட்பக்கம் ஒரு கல், இரண்டும் விளிம்பில் நிற்க, நடுவே 3 அங்குலம் வெற்றிடம். அவற்றை அடுத்துக் குறுக்காக ஒரு கல், சுவரின் இரு முகங்களையும் பிணைத்து நிற்கும். இப்படி 12 அங்குல நீளத்துக்கு மூன்று கற்கள். அதே அளவுச் சுவரைக் கெட்டியாகக் கட்டினால் நான்கு கற்கள் வேண்டும். காரையின் கனத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் நான்கில் ஒன்று மிச்சம். 20,000 கல் பிடிக்கும் கட்டடத்துக்கு 15,000 போதும். எஞ்சிய 5,000 கல்லுக்குரிய வண்டல் மண்ணும் சூளை விறகும் அப்படியே தங்குகின்றன. நல்ல வயலின் மேல்மண் சூளைக்குப் போவதைக் கண்டு வயிறெரிந்தவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள்.

சிக்கனத்தைவிடப் பெரிய நன்மை நடுவிலுள்ள வெற்றிடம். காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. வெளிமுகம் வெயிலில் காய்ந்தாலும் அந்தச் சூடு உள்முகத்தை அடைய நெடுநேரமாகிறது. மேற்குச் சுவருக்கு இது மிகவும் உகந்தது.

ஆனால் எந்தக் கல்லும் இதற்கு ஒத்துவராது. அளவு ஒத்து, நன்றாக வெந்து, தட்டினால் மணியோசை தரும் கல்லாக இருக்க வேண்டும். கோணல் கல்லில் இரு முகங்களும் சேரா. தரைமட்டத்திலும், சாளரத்தின் அடியிலும் மேலும், கூரை அமரும் இடத்திலும் உள்ள வரிசைகளைக் கெட்டியாகவே கட்டிவிட வேண்டும். காரை உள்ளே விழுந்து வெற்றிடம் நிரம்பிவிட்டால் செய்த வேலை பாழ். ஆகையால் கட்டும்போது வெற்றிடத்தின்மேல் ஒரு மரப்பட்டையை வைத்துக்கொள்வது வழக்கம். பழகாத கொத்தனார் முதல் இரண்டு நாள் முணுமுணுப்பார். மூன்றாம் நாள் கை பழகிவிடும்.

மேற்பூச்சைப் பற்றிச் சிலர் கேட்பார்கள். வெளிச்சுவருக்குப் பூச்சு வேண்டியதில்லை. கல்லின் இணைப்புகளை நன்றாகத் தேய்த்து மூடினால் போதும். பூச்சில்லாவிடில் சிமெண்டும் மிச்சம். மூன்றாண்டுக்கொரு முறை வண்ணம் அடிக்கும் செலவும் மிச்சம். ஆனால் சமையலறைக்கு இந்தச் சலுகை கிடையாது. அதன் உட்சுவர் கழுவித் துடைக்கத்தக்க வழவழப்புடன் இருத்தல் வேண்டும். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. சிக்கனம் என்று சொல்லி எண்ணெய்ப் பிசுக்கைச் செங்கற் சந்துகளில் தேங்கவிட்டால் கரப்பான்பூச்சிகளே முதல் வாடிக்கையாளர்களாக வந்து சேரும்.

இரண்டாவது கூரை. கூரைக்கு ஓடு வேய்வதே நம் பக்கத்துக்கு ஏற்றது என்பது என் கருத்து. கீழ்ப்புறம் தாழ்ந்து, நடு முகடு உயர்ந்து, முகட்டில் சூடான காற்று வெளியேற ஒரு திறப்பு இருந்தால் பாதி வெப்பம் தானே போய்விடும். பிற்காலத்தில் மேலே மாடி எடுக்க வேண்டும், ஆகவே தளந்தான் வேண்டும் என்பீர்களானால், அதற்கும் ஒரு வழி உண்டு. கான்கிரீட் தளத்தில் மேற்பாதியிலுள்ள கான்கிரீட்தான் அழுத்தத்தைத் தாங்குகிறது. கீழ்ப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பி. அங்கே கம்பிகளுக்கிடையில் உள்ள கான்கிரீட் பெரும்பாலும் சும்மா தொங்கும் சுமையே. அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்து, மேலே கான்கிரீட் இடுவது பேக்கர் கையாண்ட முறை. சிமெண்டு குறைகிறது, தளத்தின் எடை குறைகிறது, ஓடுகளுக்கிடையே சிறைப்பட்ட காற்று வெயிலையும் தடுக்கிறது. இதற்குக் கம்பியின் இடைவெளியைக் கணக்கிட்டுத் தரப் பொறியாளர் கட்டாயம் வேண்டும். கண்ணளவில் செய்யும் காரியமன்று.

செங்கல் சூளை அருகில் இல்லாத ஊர்களுக்குச் சுடாத மண்கல் உண்டு. நம் மாநிலத்திலேயே, விழுப்புரம் மாவட்டத்தில் ஆரோவில்லில், 1989 முதல் இதற்கென்று ஒரு பயிற்சி நிலையம் வேலை செய்து வந்திருக்கிறது. மணற்பாங்கான மண்ணுடன் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சிமெண்டு கலந்து, கையால் இயக்கும் அழுத்துபொறியில் அழுத்தி, நான்கு வாரம் ஈரம் காயாமல் வைத்திருந்து பின்பு கட்டுகிறார்கள். விறகு வேண்டாம், புகை இல்லை. அங்கே இக்கற்களால் எழுந்த பார்வையாளர் மையத்துக்கு 1992-இல், ஏழைகளுக்கான கட்டடக் கலைக்கென எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் பாத்தி பெயரால் வழங்கப்படும் விருது கிடைத்தது. கிணறு, குளம் வெட்டும்போது கிடைக்கும் அடிமண்ணை இதற்குப் பயன்படுத்தலாம். மேல்மண் கூடாது, அதில் மக்கிய பொருள் இருப்பதால் கல் உதிரும், மேலும் அது பயிருக்குரிய மண்.

அதே ஊரில் 1997-இல் ஒரு பெரிய பொது உணவுக்கூடம் கட்டினார்கள். அதன் மாடியில் 15 மீட்டர் குறுக்களவுள்ள கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை அமைத்து, சூரிய ஒளியைக் குவித்து நீராவி எழுப்பி, அந்த நீராவியைக் கொண்டு நூற்றுக்கணக்கானோருக்குச் சமைக்க ஏற்பாடு செய்தார்கள். கிண்ணம் அசையாது, கதிர் குவியும் இடத்தைத் தொடர்ந்து கொதிகலன் மட்டும் நகரும். மேகமூட்டமான நாளுக்கு வேறு எரிபொருளும் வைத்துக்கொண்டார்கள். இதனை நான் சொல்வது வியப்புக்காகவே. உங்கள் ஊராட்சியின் வரவு செலவில் இதற்கு இடமிராது. மூடியிட்ட சட்டியும், உலர்ந்த காற்றோட்டமான எரிவாயு அறையும், சோற்றைப் பாதி வேகவிட்டு வைக்கோற் பெட்டியில் இறக்கி வைக்கும் பழைய வழக்கமுமே உங்களுக்குப் போதிய எரிபொருளை மிச்சப்படுத்தும்.

மூன்றாவது சமையலறை. உண்ணும் கூடத்தைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். வாடிக்கையாளர் அரைமணி நேரம் இருந்துவிட்டுப் போய்விடுவார். சமைக்கும் பெண்மணியோ விடியற்காலை நான்கு மணிக்கு வந்தால் இரவு வரை அங்கேதான். ஆகவே கட்டடத்தின் நல்ல மூலையை அவருக்குக் கொடுங்கள். அது எந்த மூலை? நூலில் தேட வேண்டாம். உங்கள் ஊரில் எந்த மாதத்தில் எப்பக்கத்துக் காற்று வீசும் என்பதை நெல் தூற்றிய முதியவர் யாரும் சொல்வார். ஆடிக் காற்று மேற்கிலிருந்து வரும் ஊரில் சமையலறையை மேற்கே வைத்தால் புகையும் தாளிப்பு நெடியும் உண்போர் மூக்கில் ஏறும். கிழக்கே வைத்தால் வெளியே போய்விடும். மேற்குப் பக்கத்தில் பண்டசாலை, பாத்திர அறை போன்றவற்றை வைத்தால் அவை வெயிலுக்கு மறைப்பாக நிற்கும். நீண்ட சுவர்கள் வடக்கும் தெற்குமாக அமைய, குறுகிய சுவர்கள் மட்டும் கிழக்கையும் மேற்கையும் பார்க்கட்டும்.

அடுப்பு மேடையின் உயரத்தை வரைபடக்காரர் முடிவு செய்யக் கூடாது. எந்தத் தாய்மார்கள் சமைக்கப் போகிறார்களோ அவர்களை நிற்கச் சொல்லி, இடுப்பளவைப் பார்த்துக் கட்டுங்கள். பெரிய பாத்திரத்தில் குழம்பு கிளறும்போது மேடை உயரமாயின் தோள் வலிக்கும். ஆகையால் அண்டா அடுப்புக்குத் தாழ்ந்த மேடை தனியே வேண்டும். புகைபோக்கி கூரை முகட்டுக்குமேல் இரண்டடியேனும் உயர்ந்திருக்க வேண்டும். கழிவறை ஒன்று வேலை செய்யும் பெண்களுக்கெனத் தனியாக இருத்தல் வேண்டும். இதனைக் கேட்க அவர்கள் கூசுவார்கள். ஆதலால் நான் சொல்லிவிட்டேன்.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மழைநீர் சேகரிப்பு 2003-இலேயே நம் மாநிலத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டதை அறிவீர்கள். 1,000 சதுர அடிக் கூரையில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 900 லிட்டர் நீர். கைகழுவும் நீரைச் சாக்கடையில் விடாமல், மணலும் சரளையும் இட்ட குழி வழியாக வாழைக்கு விடலாம். எண்ணெய் கலந்த பாத்திர நீர் முதலில் ஒரு சிறு தொட்டியில் தங்கி, எண்ணெய் மிதந்து பிரிந்த பிறகே அந்தக் குழிக்குப் போக வேண்டும். இல்லையேல் மணல் இரண்டு மாதத்தில் அடைத்துக்கொள்ளும். ஞெகிழிப் பொருள்கள் சிலவற்றை அரசு 2019 சனவரி முதல் நாளிலிருந்து தடை செய்தது. வாழை அங்கேயே விளைந்தால் இலைக்கும் வெளியே போக வேண்டாம். எச்சில் இலையும் மிஞ்சிய சோறும் மாட்டுச் சாணத்துடன் சேர்ந்தால் எரிவாயுவாகும். 1984-இல் உருவான தீனபந்து முறைக் கலன் செங்கல்லால் குவிமாடமாகத் தரைக்கடியில் கட்டப்படுவது. மேலே துருப்பிடிக்கும் இரும்பு மிடா இல்லை. ஆனால் அதற்கு நாள் தவறாமல் தீனி போட ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். பொறுப்பேற்க ஆளில்லாத ஊரில் கட்ட வேண்டாம். எரு ஆகாமல் கிடக்கும் கலன்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

இங்கே ஓர் உறுப்பினர் காலையில் என்னிடம் கேட்டார்: "ஐயா, செங்கல் தெரிய, ஓடு போட்டுக் கட்டினால் ஏழைக் கட்டடம் என்று நினைக்க மாட்டார்களா? பக்கத்து ஊரில் கண்ணாடி போட்டிருக்கிறார்களே!" நியாயமான கேள்வி. ஊருக்கு மானம் உண்டு. ஆனால் தம்பானூரில் அந்தச் செங்கற் கட்டடத்தைப் பார்ப்பதற்கென்றே வெளிநாட்டிலிருந்து கட்டடக்கலை மாணவர்கள் வருகிறார்கள். கண்ணாடி முகப்பைப் பார்க்க எவரும் வருவதில்லை. அன்றியும், செலவிடும் தொகை எங்கே போகிறது என்று பாருங்கள். கண்ணாடிக்கும் அலுமினியத்துக்கும் கொடுக்கும் பணம் அன்று மாலையே ஊரைவிட்டுப் போய்விடுகிறது. செங்கல், ஓடு, சுண்ணாம்பு, கொத்தனார் கூலி, சித்தாள் கூலி இவற்றுக்குக் கொடுத்த பணம் மறுவாரச் சந்தையில் உங்களுக்கே திரும்பி வரும்.

மன்றத்தில் தீர்மானம் போடுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். வரைபடத்தைக் கையிலெடுத்துக்கொண்டு, சித்திரை வைகாசியில் ஒருநாள் பிற்பகல் மூன்று மணிக்கு அந்த இடத்திலேயே போய் நில்லுங்கள். மகளிர் குழுவினரையும் உடன் அழைத்துக்கொள்ளுங்கள். வெயில் விழும் பக்கத்தையும் காற்று வரும் பக்கத்தையும் அவர்களே சுண்ணாம்புத் தூளால் தரையில் கோடிடட்டும். அங்கே நிற்கும் மரம் எதுவாயினும் அதனை வெட்டாமல் கட்டடத்தை இரண்டடி தள்ளிப் போடுங்கள்.

இந்த மண்டபத்தின் பின்புறம் கொத்தனார்கள் இருவர் எலிப்பொறிக் கட்டில் ஐந்தடி நீளத்துக்கு மாதிரிச் சுவர் ஒன்றைக் காலையிலிருந்து எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் மூன்று வரிசை பாக்கி. உணவு இடைவேளையில் வந்து நீங்களே ஆளுக்கொரு கல் வைத்துப் பார்க்கலாம். காரை உலருமுன் வர வேண்டும்.